வடசேரி நகை செட்: திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

பரதநாட்டிய நகை கேட்டால் பெரும்பாலான கடைகளில் முதலில் எடுத்து வைப்பது, செம்பிலோ பித்தளையிலோ செய்து தங்க முலாம் பூசி, கல்லைப் பசையால் ஒட்டிய செட். நாகர்கோவில் வடசேரிப் பட்டறைகளில் வெள்ளித் தகட்டில் செய்யும் கோயில் நகை வேறு ரகம்; புவிசார் குறியீடு பெற்றது. பத்தாவது வரிசையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். விலையோ பல மடங்கு. அந்தக் காசு பளபளப்புக்கு இல்லை, பழுது பார்க்க முடிகிறதே, அதற்கு.

காரணம் கல் கட்டும் முறை. வெள்ளித் தகட்டில் வடிவம் வெட்டி, கல் உட்கார வேண்டிய இடங்களுக்குச் சிறு சுவர் எழுப்பிப் பற்றவைக்கிறார்கள். உள்ளே அரக்கை உருக்கி நிரப்பி, இளகி இருக்கும்போதே கெம்பு என்னும் சிவப்புக் கல்லை அமர்த்துகிறார்கள். பிறகு கல்லுக்கும் சுவருக்கும் இடையே மெல்லிய தங்கத் தகடான ரேக்கை நுழைத்து, எஃகு முனையால் அழுத்தி அழுத்திக் கல்லைப் பிடிக்க வைக்கிறார்கள். கல் விழுந்தால் அந்தக் குழியை மட்டும் சூடாக்கி, அரக்கு வைத்து மறுபடி கட்டிவிடலாம். பசை செட்டில் ஒரு கல் போனால், பக்கத்துக் கல்லும் பின்னாலேயே வரும்.

கடையில் முன்பக்கத்தை ரசித்துக்கொண்டு நிற்க வேண்டாம், திருப்பிப் பாருங்கள். கைவேலையில் பின்தகட்டின் பற்றவைப்புக் கோடு தெரியும். கல்லின் ஓரத்தில் ரேக்கு அழுந்திய தடம் லேசாக மேடுபள்ளமாக இருக்கும். எல்லாக் கல்லும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே உயரத்தில் நின்று, ஓரத்தில் கண்ணாடிபோல் ஒரு மினுமினுப்பு இருந்தால் அது பசை. காதருகே வைத்து மெதுவாகக் குலுக்குங்கள். கடகடவென்றால் உள்ளே அரக்கு விட்டிருக்கிறது.

தலைசாமானில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. நெற்றிச்சுட்டி, வலப்பக்கம் சூரியன், இடப்பக்கம் சந்திரன், பின்னால் ராக்கொடி: முகத்தைச் சுற்றி நிற்பவை இவைதான். 1935இல் அடையாறு பிரம்மஞான சபையின் வைரவிழாவில் ஆடிய ருக்மிணி தேவி அருண்டேல், ஆட்டத்தோடு உடையையும் நகையையும் சேர்த்தே வடிவமைத்தவர். கோயில் சிற்பங்களைப் பார்த்து மேடைக்கான அலங்காரத்தை அமைத்தார். அடுத்த ஆண்டே கலாக்ஷேத்ரா கலைப் பள்ளியைத் தொடங்கினார். இன்று ஆண்டுவிழாவில் ஆடும் சிறுமியின் செட்டிலும் அந்தக் கண்ணின் சாயல் உண்டு. நகை உடம்பின் கோடுகளை மறைக்காமல் எடுத்துக் காட்ட வேண்டும் என்று பார்த்தால், அட்டிகையும் பதக்கமும் மாங்காய் மாலையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிப்பது வீண் கனம்.

குறை சொல்ல வேண்டியது கொக்கிகளையும் கயிற்றையும். இவ்வளவு நேர்த்தியாகக் கல் கட்டிவிட்டு, தோளில் பூட்டும் வங்கிக்கும் கழுத்து அட்டிகைக்கும் மெல்லிய நூலைக் கட்டிக் கொடுக்கிறார்கள். வியர்வையில் நைந்து, ஜதியின் நடுவே அறும். வாங்கியதும் கெட்டியான பட்டுக்கயிறாக மாற்றிக் கேளுங்கள். ஒட்டியாணத்துக்கு அளவு கொடுக்கும்போது வெறும் இடுப்பை அளக்காதீர்கள். உடை கட்டி, விசிறி மடிப்பு வைத்த பிறகு அளந்து, மூச்சு விட ஒரு அங்குலம் சேர்த்துச் சொல்லுங்கள். மாட்டலின் நீளமும் ஆளுக்கு ஆள் மாறும். ஜிமிக்கியின் கனத்தை அதுதான் தாங்குகிறது.

அரக்குக்குச் சூடு ஆகாது. கன்னியாகுமரி வெயிலில் பூட்டிய காருக்குள் நகைப்பெட்டியை விட்டுப் போனால் கல் தன்னால் நகர்ந்துவிடும். தண்ணீரும் ஆகாது. தங்கத்தைக் கழுவுவதுபோல் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்தால் ஈரம் கல்லுக்கு அடியில் இறங்கிக் கெம்பு கறுத்துப் போகும். சென்ட், ஹேர் ஸ்ப்ரே எல்லாம் நகை பூட்டுவதற்கு முன்பே அடித்துவிட வேண்டும். ஆடி முடித்ததும் உலர்ந்த மல் துணியால் ஒற்றி எடுத்து, ஒவ்வொன்றையும் பஞ்சில் சுற்றித் தனித்தனி ஜிப் கவரில் வையுங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று வெள்ளியைச் சீக்கிரம் கறுக்க வைக்கும், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போடலாம்.

கல் விழுந்தால் பொறுக்கி வையுங்கள், ஃபெவிக்விக் மட்டும் தொடாதீர்கள். இறுகிய பசையைச் சுரண்டி எடுக்கும்போது குழியின் மெல்லிய சுவர் வளைந்துவிடும், ரேக்கும் கிழியும். ஒரு கல் கட்டும் வேலை நாலு கல் கட்டும் வேலையாகிவிடும்.

முதல் சலங்கை பூஜைக்கு, வளரும் பிள்ளைக்கு, பசை செட் போதும். அரங்கேற்றம் முடிந்து தொடர்ந்து ஆடுபவர் தலைசாமானையும் ஜிமிக்கியையும் முதலில் வடசேரியில் வாங்கிக்கொண்டு, ஒட்டியாணத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளலாம். மார்கழிக்கு வேண்டுமென்றால் ஆவணியிலேயே சொல்லிவிடுங்கள்.