விசா சந்தேகம்: அலுவலகம், வக்கீல், ஏஜெண்ட், சீனியர் – யாரிடம் எதைக் கேட்பது?

ஒரு மாணவிக்கு செமஸ்டர் நடுவில் உடம்பு சரியில்லாமல் போகிறது. நான்கு பாடங்களில் ஒன்றை விட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம். ஆனால் விட்டால் விசாவுக்கு ஏதாவது ஆகுமா?

ஒரு பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் மேசையில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். இந்த மாதிரிக் கேள்வி எங்களிடம் வந்து சேரும்போது ஏற்கெனவே மூன்று பதில்கள் வாங்கியிருக்கும். "நானும் விட்டேன், ஒண்ணும் ஆகல" என்று சீனியர் சொல்லியிருப்பார். அட்மிஷன் வாங்கிக் கொடுத்த ஏஜெண்ட் "கவலைப்படாதீங்க" என்றிருப்பார். வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர் "உடனே வக்கீலைப் பாருங்க" என்று பயமுறுத்தியிருப்பார்.

அலுவலகம், வக்கீல், ஏஜெண்ட், சீனியர் என்ற நான்கு பேரில் யாருக்கு விஷயம் அதிகம் தெரியும் என்றுதான் எல்லோரும் ஒப்பிடுகிறார்கள். எனக்கு வேறொரு அளவுகோல் பிடிக்கும். இவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்? இவர் சொன்னது தப்பாகிப் போனால் இவருக்கு என்ன நடக்கும்? இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் எந்தக் கேள்வியை எங்கே கொண்டுபோவது என்பது தானாகத் தெளிவாகும்.

பல்கலைக்கழக அலுவலகம்

அந்த மாணவி அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இளநிலைப் பட்டம் படிப்பதாக வைத்துக்கொள்வோம். செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் படிக்க வேண்டும். அதற்குக் கீழே போவதானால், பாடத்தை விடுவதற்கு முன்பே டிஎஸ்ஓ எனப்படும் பல்கலைக்கழக அலுவலர் செவிஸ் என்ற அரசுப் பதிவில் அனுமதியை ஏற்ற வேண்டும். உடல்நலம் காரணம் என்றால் மருத்துவர் கடிதம் தேவை. ஒரு பட்டப்படிப்பு மட்டத்தில் இந்தச் சலுகை மொத்தம் 12 மாதம்வரை கிடைக்கும். கடிதத்தோடு முன்கூட்டியே வந்தால் சிக்கலே இல்லாத வேலை. பாடத்தை விட்டுவிட்டு வந்தால் அதே விஷயம் சட்டப்படி மாணவராகத் தங்கும் அந்தஸ்தை இழந்த கதையாக மாறிவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மின்னஞ்சல்தான்.

இந்தக் கேள்வியில் அலுவலகத்துக்கு ஈடு கிடையாது. காரணம், சாவி அவர்களிடம் இருக்கிறது. எவ்வளவு பெரிய வக்கீலாலும் மாணவர் விசாவுக்கு அடிப்படையான ஐ-20 படிவத்தை வழங்க முடியாது. படிப்புக்குப் பிறகான ஓபிடி வேலை அனுமதிக்கும் முதலில் டிஎஸ்ஓ பரிந்துரை பதிவாக வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும் காலமும் படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிருந்து முடிந்த 60 நாள்வரைதான். பிரிட்டனில் மாணவர் விசாவுக்கு அடிப்படையான சிஏஎஸ் எண்ணைத் தருவதும் கல்வி நிறுவனமே. ஆலோசனைக்குக் கட்டணமும் இல்லை. ஆகவே பாடம் குறைப்பது, துறை மாறுவது, படிப்பை நீட்டிப்பது, இன்டர்ன்ஷிப் போவது, விடுமுறையில் ஊருக்குப் போய்த் திரும்புவது என்று படிப்போடு ஒட்டிய எதுவானாலும் முதலில் இங்கேதான் வர வேண்டும்.

சரி, இனி நான் வருத்தத்தோடு சொல்ல வேண்டிய பகுதி. அந்த அலுவலகம் மாணவருக்கு உதவுகிறது, அதே சமயம் அரசுக்குத் தகவலும் சொல்கிறது. அமெரிக்காவில் ஒரு மாணவர் தன் அந்தஸ்துக்கான விதிகளைக் காக்கவில்லை என்று தெரியவந்தால் 21 நாளுக்குள் செவிஸில் பதிய வேண்டும். பிரிட்டனில் ஸ்பான்சராக இருக்கும் கல்வி நிறுவனம் பல மாற்றங்களை 10 வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஆபத்து நிறுவனத்துக்கே. லண்டன் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகம் 2012 ஆகஸ்டில் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் உரிமத்தை இழந்தபோது 2,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் பாதிக்கப்பட்டார்கள். அந்தப் பயம் எல்லா அலுவலகங்களிலும் உண்டு. அதனால் சில சமயம் சட்டம் அனுமதிப்பதைவிடக் கறாராகவே பதில் வரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாணவர் என் முன்னால் உட்கார்ந்து, பல்கலைக்கழகத்துக்கு வெளியே அனுமதியில்லாமல் வேலை பார்த்ததை முழுதாகச் சொல்லி முடித்தார். உதவி கேட்டுத்தான் சொன்னார். கேட்ட பிறகு பதியாமல் இருக்க எனக்கு வழியில்லை. பேச ஆரம்பிக்கும்போதே அவரை நிறுத்தி, நான் யார், என் கடமை என்ன என்று சொல்லியிருக்க வேண்டும். எங்கள் அலுவலகம் அப்படிச் சொல்லப் பழக்கவும் இல்லை. அதற்குப் பிறகு நான் யாரையும் அப்படிப் பேசவிட்டதில்லை.

வக்கீல்

அந்த மாணவர் முதலில் போயிருக்க வேண்டிய இடம் இது. வக்கீலிடம் சொல்வது ரகசியமாக இருக்கும், அவர் கடமைப்பட்டிருப்பதும் உங்களுக்குத்தான். தப்பு ஏற்கெனவே நடந்துவிட்டது, போலீஸ் கைது செய்தது, மோசடி என்று காரணம் காட்டி விசா மறுத்தார்கள், திருமணத்தால் குடியேற்ற நிலை மாறப்போகிறது என்றால் அலுவலகத்தைத் தாண்டி நேராக வக்கீலிடம் போங்கள். தாமதிக்கவும் கூடாது. அமெரிக்காவில் இழந்த எஃப்-1 அந்தஸ்தை மீட்க விண்ணப்பிக்க வழி உண்டு. ஆனால் பொதுவாக இழந்து 5 மாதத்துக்குள் இருக்க வேண்டும், அனுமதியில்லாத வேலை பார்த்திருந்தால் அந்த வழி அடைபடும். எந்த வாசல் இன்னும் திறந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வதே வக்கீலின் வேலை.

பலவீனம் என்று பார்த்தால் கட்டணம் ஒன்று. சில பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, விசாரித்துப் பாருங்கள். இன்னொன்று, குடியேற்ற வக்கீல்கள் எல்லோருக்கும் மாணவர் விதிகள் அத்துப்படி என்று நினைக்க வேண்டாம். வேலை விசாவிலேயே ஊறியவருக்குப் பாடக் குறைப்பின் நுணுக்கம் தெரியாமல் இருக்கலாம். நாடு மாறினால் இந்த எல்லைகளும் மாறும். கனடாவில் பல்கலைக்கழக ஊழியர்கூட உரிமம் இல்லாமல் குடியேற்ற ஆலோசனை சொல்லக் கூடாது. அங்கே அலுவலகத்தில் உங்களோடு பேசுபவர் உரிமம் பெற்றவரா என்று கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். பிரிட்டனில் தகுதியில்லாமல் குடியேற்ற ஆலோசனை சொல்வது குற்றம்.

ஏஜெண்ட்

ஏஜெண்டுகளை மொத்தமாகத் திட்டுவது எனக்கு உடன்பாடில்லை. விண்ணப்பக் கட்டத்தில் நல்ல ஏஜெண்ட் பெரிய துணை. எந்தச் சான்றிதழ், எந்த வரிசையில், எந்தத் தேதிக்குள் என்பது அவருக்குக் கைவந்த கலை. வீட்டிலேயே முதன்முதலாக வெளிநாட்டில் படிக்கப் போகிறவருக்கு அந்த உதவி சின்னதில்லை.

ஆனால் பல ஏஜெண்டுகளுக்குப் பணம் வருவது கல்வி நிறுவனத்திடமிருந்து, நீங்கள் சேர்ந்ததற்கான கமிஷனாக. இதில் தப்பு எதுவும் இல்லை, தெரிந்துவைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் சேர்ந்த பிறகு அவருக்கு உங்களிடம் எந்தப் பொறுப்பும் மிச்சமில்லை. ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற குடியேற்ற ஏஜெண்டும் வக்கீலும்தான் குடியேற்ற உதவி செய்யலாம். அட்மிஷன் ஏஜெண்டாக இருப்பது மட்டும் அதற்குப் போதாது.

இதைவிடப் பெரிய விஷயம், அவர் நிரப்பினாலும் விண்ணப்பம் உங்கள் பெயரில்தான் போகிறது. உள்ளே ஒரு பொய் இருந்தால் தண்டனை உங்களுக்கு. கனடாவில் தவறான தகவலுக்கு 5 வருடத் தடை. பிரிட்டனில் ஏமாற்றியதாக முடிவானால் 10 வருடம்வரை. அமெரிக்காவில் காலவரம்பே இல்லாத தடை. 2023-இல் கனடாவில், தங்கள் அட்மிஷன் கடிதம் போலி என்றே தெரியாமல் போய்ப் படித்து முடித்த மாணவர்கள் நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்தார்கள். அந்த வருடம் டிசம்பரிலிருந்து ஒவ்வொரு கடிதத்தையும் கல்வி நிறுவனமே அரசுக்கு உறுதிப்படுத்த வேண்டும் என்று விதி வந்தது. ஏஜெண்ட் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, அனுப்பிய விண்ணப்பத்தின் முழு நகலை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். தர மறுத்தால் அந்த இடத்தைவிட்டு எழுந்துவிடுங்கள்.

சீனியர்

சீனியர் பொய் சொல்வதில்லை. அவர் சொல்லும் உண்மைக்குக் காலாவதித் தேதி இருக்கிறது, அதுதான் சிக்கல். ஆஸ்திரேலியாவில் 2022-இல் படித்தவர் "எவ்வளவு மணி நேரம் வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம்" என்பார். அப்போது அது சரி. 2023 ஜூலை முதல் படிப்புக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வந்துவிட்டது. கனடாவிலும் வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்க 20 மணி நேரம் இருந்தது, கொஞ்ச காலம் வரம்பு தளர்ந்தது, 2024 நவம்பர் முதல் வாரத்துக்கு 24 மணி நேரம். மூன்று வருடத்தில் மூன்று பதில்கள், மூன்றும் அந்தந்தச் சமயத்தில் சரியானவை. சாட்பாட்டிடம் கேட்டாலும் இதே குழப்பம் வரலாம், கூடவே நாட்டையும் மாற்றிச் சொல்லிவிடும்.

அப்புறம், "நானும் விட்டேன், ஒண்ணும் ஆகல" என்றாரே அந்தச் சீனியர், அவர் கடைசி செமஸ்டரில் விட்டிருப்பார். பட்டத்துக்கு மிச்சமிருக்கும் பாடங்களை மட்டும் எடுத்தால் போதும் என்று கடைசிப் பருவத்துக்குத் தனி விதி உண்டு. அதற்கும் டிஎஸ்ஓ பதிவு செய்திருப்பார். இவருக்கு அது ஞாபகத்தில் இருக்காது.

என்றாலும் சீனியரை விட்டுவிடாதீர்கள். அலுவலகத்தில் யாரிடம் பேசினால் பொறுமையாகக் கேட்பார், பதில் வர எத்தனை நாளாகும், எந்தக் காகிதத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள் என்பதெல்லாம் எந்த இணையதளத்திலும் இருக்காது. பயந்துபோய் இருப்பவரோடு கூடவே அலுவலகம்வரை நடந்து வருவதும் அவர்தான்.

அந்த மாணவிக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மருத்துவரிடம் கடிதம் வாங்குங்கள். அலுவலகத்துக்கு நேரில் போனாலும் கேள்வியை மின்னஞ்சலிலும் எழுதுங்கள். எந்தப் பாடம், எத்தனை கிரெடிட், எந்தத் தேதியிலிருந்து என்று தெளிவாக இருக்கட்டும். அனுமதி செவிஸில் ஏறிவிட்டது என்று எழுத்தில் பதில் வரும்வரை அந்த வகுப்பில் உங்கள் பெயர் இருக்கட்டும். பதில் வந்த அன்றைக்குப் பாடத்தை விட்டுவிட்டுப் போய் நன்றாக ஓய்வெடுங்கள்.