வயிற்றுப் புண்ணுக்கு மாத்திரை, வேலை வைத்தது தொடைக்கு

எண்டோஸ்கோபி முடிவைப் பார்த்துவிட்டு மருத்துவர் என்னிடம் பேசியது நான்கு நிமிடம் இருந்தால் அதிகம். "புண்ணுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்கிற கிருமி. 14 நாள் மருந்து, சரியாகிவிடும்" என்றார், அடுத்தவரைக் கூப்பிட்டார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்கவில்லை. பெனிசிலின் ஒத்துக்கொள்ளுமா என்றும் கேட்கவில்லை. கொழுப்புக்காக ஆறு வருடமாக இரவில் சிம்வாஸ்டாட்டின் போடுகிறேன். பல் துலக்குவது போல் அவ்வளவு பழகிப்போனதால் நானாகச் சொல்லவும் தோன்றவில்லை.

மருந்து நாளுக்கு ஓர் அட்டையாக வந்தது. லான்சோபிரசோல் 30 மி.கி. இரண்டு, அமாக்சிசிலின் 500 மி.கி. நான்கு, கிளாரித்ரோமைசின் 500 மி.கி. இரண்டு. காலைக்கும் இரவுக்குமாக ஒரு நாளைக்கு எட்டு. பை கொள்ளவில்லை என்று மருந்துக் கடைக்காரர் பெட்டியைக் கிழித்து எறிந்துவிட்டு, 14 அட்டைகளையும் ரப்பர் பேண்டு போட்டு நீட்டினார். மடித்து வைத்திருந்த விவரத் தாளும் பெட்டியோடு குப்பைக்குப் போனது. எதையாவது கவனிக்க வேண்டுமா என்று கேட்டேன். "சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள்" என்றார். லான்சோபிரசோலைச் சாப்பாட்டுக்கு முன்பு போட வேண்டும், அதுவும் தப்பு.

மூன்றாம் நாள் வாயெல்லாம் இரும்புக் கசப்பு. அது இந்த மருந்தில் சாதாரணம்தான். ஆறாம் நாள் தொடைகள் கனத்தன. எட்டாம் நாள் நாற்காலியில் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனது. மருத்துவமனைக்குப் போன் செய்தேன். "ஆன்டிபயாடிக் என்றால் அசதி இருக்கும், நிறுத்திவிடாதீர்கள்" என்று பதில் சொன்னவர் மருத்துவரா என்பதுகூட எனக்குத் தெரியாது.

அன்றிரவே வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த இளம் மருத்துவர் முதலில் கேட்டதே, "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" சிம்வாஸ்டாட்டினைக் கல்லீரலில் சிதைக்கும் நொதியைக் கிளாரித்ரோமைசின் முடக்கிவிடுமாம். சிம்வாஸ்டாட்டின் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போய்த் தசையைக் கரைக்கும். கரைந்தது சிறுநீரகத்தில் போய் அடைக்கும். இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்பது விவரத் தாளிலேயே அச்சாகியிருக்கிறது. மூன்று நாள் சலைன் ஏற்றினார்கள். சிறுநீரகம் தப்பியது.

மருந்தைப் பாதியில் நிறுத்த நேர்ந்ததால் கிருமி கிளாரித்ரோமைசினுக்குப் பழகியிருக்கலாம் என்று இரண்டாம் சுற்றில் பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், கூடவே அமிலம் குறைக்கும் மாத்திரை. இந்த முறை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள். பிஸ்மத்தால் நாக்கும் மலமும் கறுக்கும், பயப்பட வேண்டாம்; ஆனால் மலம் தார் போலப் பிசுபிசுத்து, தலையும் சுற்றினால் புண்ணில் ரத்தம் கசிகிறது என்று உடனே வர வேண்டும். பாலோடு டெட்ராசைக்ளின் கூடாது. மது தொடவே கூடாது. கடுமையான வயிற்றுப்போக்கு மருந்து முடிந்து சில வாரம் கழித்து வந்தாலும் தெரிவிக்க வேண்டும்.

உங்களுக்கும் எனக்கு முதலில் தந்த கூட்டு மருந்தை எழுதினால், வீட்டிலுள்ள மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மருத்துவர் மேசையில் கொட்டுங்கள். கொழுப்பு மாத்திரை மட்டுமல்ல, கௌட் வாதத்துக்கான கோல்சிசின், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் வார்ஃபரின், இதயத் துடிப்புக்கான சில மருந்துகள் எல்லாமே கிளாரித்ரோமைசினோடு மோதும். அமாக்சிசிலினும் பெனிசிலின் வகைதான்; சிறு வயதில் பெனிசிலின் ஊசியால் உடம்பு தடித்திருந்தால் அதையும், கர்ப்பமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். மருந்தைப் போட்டபின் முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ அடுத்த வேளை மாத்திரையைத் தொடாமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். பெட்டியைக் கிழிக்க விடாதீர்கள்.

கிருமி ஒழிந்ததா என்று மூச்சுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதையும் முதல் மருத்துவர் சொல்லவில்லை. ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது 4 வாரமும், அமில மாத்திரையை நிறுத்தி 2 வாரமும் ஆன பிறகே அதைச் செய்வார்கள். எனக்கு இன்னும் 11 நாள் இருக்கிறது. நான் எழுதிய புகாருக்கு அந்த மருத்துவமனையிலிருந்து நேற்று பதில் வந்தது: "மற்ற மருந்துகள் பற்றி நோயாளி தாமாகத் தெரிவித்திருக்க வேண்டும்."