குலுக்கல் டிக்கெட்டா, நன்கொடை ரசீதா?

எங்கள் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு வடசென்னையில் நாங்கள் படித்த மாநகராட்சிப் பள்ளிக்கு பெஞ்சு வாங்கிக் கொடுக்க ஆசை. ஒருவர் 40,000 ரூபாய் டிவி தருவதாகச் சொன்னார். அதைப் பரிசாக வைத்து நூறு ரூபாய் டிக்கெட் போட்டுக் குலுக்கலாம், லைசென்ஸ் எங்கே வாங்குவது என்று விசாரிக்கும் வேலை பொருளாளரான என் தலையில் விழுந்தது.

லண்டனில் இருக்கும் சித்தி மகன்தான் ஆசையைக் கிளப்பியவன். அங்கே அவர்கள் தமிழ்ப்பள்ளி இதைத்தான் செய்கிறதாம். விசாரித்தால், அங்கே இதற்கென்றே 2005-ஆம் வருடச் சூதாட்டச் சட்டத்தில் வழி இருக்கிறது. உள்ளூர் கவுன்சிலில் பதிவு செய்ய 40 பவுண்டு, பிறகு வருடத்துக்கு 20 பவுண்டு. வசூலில் ஐந்தில் ஒரு பங்காவது நல்ல காரியத்துக்குப் போக வேண்டும். விழா நடக்கும் இடத்திலேயே டிக்கெட் விற்று முடித்தால் பதிவுகூட வேண்டாம். பரிசு விழுந்தவருக்கு வருமான வரியும் கிடையாது. கேட்கவே பொறாமையாக இருந்தது.

இங்கே கதையே வேறு. இந்தியாவில் 1998-ஆம் வருட லாட்டரிச் சட்டப்படி லாட்டரி நடத்துவது மாநில அரசின் வேலை. தமிழ்நாட்டில் 1968-ல் அண்ணா காலத்தில் தொடங்கிய அரசுப் பரிசுச் சீட்டே 2003 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சியில் நிறுத்தப்பட்டது. மற்ற மாநிலச் சீட்டுகளின் விற்பனைக்கும் அன்றே தடை. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற வாசகம் மட்டும் பெரியவர்கள் வாயில் மிச்சம். ஆக, எங்களைப் போன்ற சங்கம் வாங்குவதற்கு லைசென்ஸ் என்ற ஒன்றே இல்லை. அனுமதியில்லாத குலுக்கலுக்கு இடம் வைத்து நடத்தினால் பாரதிய நியாய சம்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 297-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. நோட்டீஸ் அடித்து ஒட்டுவதும் குற்றம்தான். “நல்ல காரியத்துக்குத்தானே சார், யார் கேட்கப் போகிறார்கள்?” என்றார் ஒரு உறுப்பினர். கேட்டால் கையெழுத்துப் போட்ட பொருளாளரைத்தானே கேட்பார்கள்!

சரி, அனுமதி கிடைத்ததாகவே கற்பனை செய்துகொள்வோம். வரி இருக்கிறதே. பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே பிடித்துக் கட்ட வேண்டிய வரி. பொருளாகக் கொடுத்தாலும் தப்ப முடியாது. வரி கட்டியாயிற்று என்று உறுதி செய்த பிறகே பொருளைக் கையில் கொடுக்க வேண்டும். அந்த டிவிக்கு 12,000 ரூபாய். டிவி விழுந்த அம்மாவிடம் போய் “முதலில் பன்னிரண்டாயிரம் எடுத்து வையுங்கள்” என்று யார் சொல்வது? வரி மேல் போடும் செஸ்ஸும் சேர்த்தால் விகிதம் 31.2. வேறு வருமானமே இல்லாதவருக்கும் இதே விகிதம்தான், அடிப்படை விலக்கு கிடையாது. தோற்ற டிக்கெட்டுகளின் காசைக் கழிக்கவும் முடியாது.

அப்புறம், “பேசாமல் கேரளச் சீட்டை மொத்தமாக வாங்கலாம்” என்று ஒரு யோசனை வந்தது. 2023-ல் கேரள அரசின் திருவோணம் பம்பர் சீட்டில் 25 கோடி அடித்தது திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நால்வருக்கு. அந்தச் செய்தி வந்ததிலிருந்து இங்கே பலருக்குக் கேரள எல்லையில் இருக்கும் வாளையார் கண்ணிலேயே நிற்கிறது. 25 கோடியில் ஏஜென்ட் கமிஷன் பத்து சதவீதம் போனால் 22.5 கோடி. அதில் டிடிஎஸ் 6.75 கோடி கழித்து கைக்கு வருவது 15.75 கோடி. ஒரே ஆளின் பெயரில் வந்தால், புதிய வரி முறையில் பெரிய வருமானத்துக்கான சர்சார்ஜும் செஸ்ஸுமாக இன்னும் இரண்டு கோடிக்கு மேல் கட்ட வேண்டும். மிஞ்சுவது சுமார் 13.7 கோடி. டிக்கெட்டின் மேலேயே 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீத ஜிஎஸ்டி வேறு. பள்ளிக்கு பெஞ்சு வாங்க இது வழியா? சங்கத்துப் பணத்தில் சீட்டு வாங்கக் கூடாது என்று அங்கேயே முடித்துவிட்டேன்.

மீதி இருந்த வழி நன்கொடை. வரிக் கழிவுக்கென்று பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாக வாங்கினால் கொடுப்பவருக்கு வரிக் கழிவு உண்டு. ஆனால் பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கழிவு இல்லை. எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேர் புதிய முறைக்குப் போய்விட்டதால் இந்தக் கவர்ச்சி அவ்வளவாக எடுபடவில்லை. இதைவிடச் சாப்பாட்டு டோக்கன் எனக்குப் பிடித்தது. இருநூறு ரூபாய்க்கு விழா அன்று வாழையிலைச் சாப்பாடு. டோக்கன் வாங்கிய எல்லோருக்கும் இலை விழும், அதிர்ஷ்டத்துக்கு வேலையில்லை. குலுக்கலில் இருக்கிற பரபரப்பு இதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

டோக்கன் என்றே கூட்டத்தில் முடிவானது. டிவிக்காரரிடம் அதைப் பள்ளிக்கே கொடுத்துவிடச் சொன்னோம். கொஞ்சம் முகம் வாடினார். அப்புறம் எந்த வகுப்பில் மாட்டப் போகிறோம், சுவரில் ஆணி நிற்குமா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.