கோவில்பட்டி ஹாக்கி விடுதி: பிள்ளையைச் சேர்க்கலாமா?

அண்ணன் மகன் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோவில்பட்டி விடுதியில் தங்கி ஹாக்கி ஆடுகிறான். தங்குமிடம், சாப்பாடு, சீருடை எல்லாம் அரசு செலவு. எங்களை மாதிரி குடும்பத்துக்கு அதுவே பெரிசு. ஆனால் எனக்குப் பிடித்தது செயற்கைப் புல்தரைதான். தண்ணீர் தெளித்த தரையில் பந்து நீரைச் சிதறடித்துக்கொண்டு சர்ரென்று ஓடுகிறது. மண் மைதானத்தில் எகிறும் பந்தை அடக்கிப் பழகியவன், ஆரம்பத்தில் ஸ்டிக்கை எங்கே வைப்பது என்றே திணறினான். அரியலூர் கார்த்தி செல்வமும் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் இங்கே பயின்று, 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடியவர்கள். பையன்களுக்கு வேறு உபதேசம் தேவையில்லை. அப்புறம், விடியற்காலைப் பயிற்சி முடித்துத்தான் பள்ளிக்கூடம். எழுப்புவதற்கே படாதபாடு படுத்தும் பிள்ளை என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். சிபாரிசெல்லாம் வேண்டாம், தேர்வில் ஆடிக் காட்டணும்.