டோனர் கிட்: லேண்ட்லைன் ஒயர் தேட வாங்கலாமா?

லேண்ட்லைன் ஒரு ரூம்ல வேலை செய்யுது, இன்னொரு ரூம்ல செத்துக் கெடக்குதுன்னா இந்த கிட் நல்லா உதவும். கரகரப்பு, உம்முனு இரைச்சல்தான் பிரச்சனைன்னா காசு வேஸ்ட், இத முதல்லயே சொல்லிடுறேன்.

பாக்ஸ்ல ரெண்டு பீஸ். ஒண்ணு டோன் அனுப்புற டப்பா, இன்னொண்ணு தடிப் பேனா சைஸ்ல ஒரு புரோப், ரெண்டுக்குமே 9 வோல்ட் பேட்டரி. டப்பாவ ஒயரோட ஒரு முனைல மாட்டிட்டு புரோப எடுத்துட்டு செவுத்தோரமா போனா அந்த ஒயர் பக்கத்துல வரும்போது குய்ங் குய்ங்னு கத்தும், ஒயர சீவ வேண்டாம், தொடக்கூட வேண்டாம். பழைய வீட்ல ஜங்ஷன் பாக்ஸத் தொறந்தா எது எந்த ரூமுக்குப் போகுதுன்னே தெரியாம ஒரு கொத்து ஒயர் தொங்குமே, அங்க இது செம.

ஆனா மேனுவல்ல ஒழுங்கா சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. ஒரு லைனுக்கு ரெண்டு ஒயர் ஜோடியா போகும்ல, அந்த ஜோடியோட ரெண்டு ஒயர்லயும் டப்பாவோட கிளிப்ப மாட்டினா, அது முறுக்கின ஜோடிங்கறதால சத்தம் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு கம்மியாத்தான் கேக்கும். ஒரு கிளிப்ப ஒயர்லயும் இன்னொண்ண எர்த்துலயும் குடுத்துப் பாருங்க, செவுத்துக்குள்ள போற ஒயர் கூட தெளிவா கேக்கும். என்ன, அப்போ பக்கத்து ஒயருக்கும் சத்தம் ஒட்டிக்கும், எல்லாமே கத்துற மாதிரி இருக்கும். அதனால கடைசில கிளிப்ப மறுபடி ஜோடிலயே மாட்டிட்டு, சந்தேகப்படுற ஜோடியோட ரெண்டு ஒயர் முனையையும் நீங்க புரோபோட நிக்கற பக்கம் ஒண்ணோட ஒண்ணு சேத்துப் புடிங்க, சத்தம் டக்குனு நின்னுச்சுன்னா அதுதான் நீங்க தேடுனது.

டோன் போடறதுக்கு முன்னாடி வெளிலருந்து வர்ற லைன பாக்ஸ்லயே கழட்டிடுங்க, ப்ளீஸ். சும்மா இருக்கும்போது லைன்ல 48 வோல்ட் டிசி பக்கம்தான் இருக்கும், ஆனா அந்த நேரம் பாத்து யாராவது கால் பண்ணா ரிங்குக்கு வர்ற ஏசி 70, 90 வோல்ட்னு ஏறும், கைல சுளீர்னு வாங்கும்.

டப்பால ஒரு லைட்டும் இருக்கு, இதப் பாக்க டோன ஆஃப் பண்ணிட்டு வெளி லைன மறுபடி மாட்டணும். லைன் சரியா இருந்தா பச்சை, ரெண்டு ஒயரும் மாறியிருந்தா சிவப்பு, எதுவுமே எரியலன்னா எங்கயோ அறுந்திருக்கு, இல்ல ஷார்ட். இது ஓகேதான், ஆனா பச்சை எரியுதுன்னு லைன் நல்லாருக்குன்னு நம்பிடாதீங்க. ஜாயிண்ட் பச்சைக் களிம்பு புடிச்சு கரகரன்னு இருந்தாலும் பச்சை எரியும், டோனும் ஜம்முனு போகும். உம்முனு இரைச்சல் வந்தா பெரும்பாலும் ஒரு ஒயர் எங்கயோ ஈரத்துல எர்த்துக்கு கசியுது, அதுக்கு மல்டிமீட்டர்ல ஓம்ஸ் (மின்தடை அளக்கறது) வச்சுப் பாக்கணும், இந்த கிட் அதுல ஒண்ணும் கிழிக்காது.

உண்மைய சொன்னா நெறைய பேருக்கு இது தேவையே படாது. வீட்ல இருக்கற எல்லா போனையும், மோடம், ஃபேக்ஸ் எல்லாத்தையும் கழட்டிட்டு, லைன் உள்ள வர்ற பாக்ஸ்ல ஒரே ஒரு சாதா போன மாட்டிப் பாருங்க. அங்கயும் கரகரன்னா கோளாறு வெளில, கம்பெனிக்காரங்க வேலை. அங்க சுத்தமா இருந்தா கோளாறு ஒண்ணு உள் ஒயரிங்ல, இல்ல கழட்டி வச்சதுல ஏதோ ஒண்ணுல. ஒண்ணொண்ணா திரும்ப மாட்டிக்கிட்டே வாங்க, எத மாட்டும்போது சத்தம் வருதோ அந்த போன வேற ஜாக்ல மாட்டிப் பாத்தா போனா ஜாக்கான்னு தெரிஞ்சுடும்.

குறைன்னா கிளிப் ரொம்ப லூசு, மெல்லிசு ஒயர்ல நிக்கவே மாட்டேங்குது. புரோப்ல வால்யூம் வீல் இருக்கு, கொறைச்சு வச்சுத் தேடுனாத்தான் எந்த ஒயர்னு கரெக்டா புடிக்க முடியும். 5க்கு 3 ஸ்டார்.