காமிக்ஸ் 'பேக்கேஜ்' பேசும் பதிப்புச் சேவைகளிடம் கவனம்

சென்னையில் சொந்தமாகக் காமிக்ஸ் வரைந்து அச்சிட நினைக்கும் எல்லோரும் இதைப் படித்துவிடுங்கள். "ஃபைலை மட்டும் குடுங்க, ஐஎஸ்பிஎன், பிரிண்டிங், விற்பனை எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்று ஒரே தொகையில் பேக்கேஜ் பேசுகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். (ஐஎஸ்பிஎன் என்பது புத்தகத்துக்குத் தரப்படும் அடையாள எண்.) கோடம்பாக்கத்தில் அப்படி ஓர் இடத்தில்தான் நான் ஏமாற்றப்பட்டேன். பெயரை இங்கே எழுதவில்லை. ஏமாற்றிய முறை தெரிந்தால் போதும், எங்கே போனாலும் உஷாராக இருக்கலாம்.

என்னுடையது காசிமேடு துறைமுகத்தில் இரவு வேலை பார்ப்பவர்களின் கதை. ஏ5 அளவு, 32 பக்கம், கறுப்பும் நீலமும் மட்டும். 500 பிரதி, உள்பக்கம் 100 ஜிஎஸ்எம் கனமுள்ள மேப்லித்தோ தாள், ஆஃப்செட் அச்சு என்று கொட்டேஷனிலேயே எழுதிக் கொடுத்தார்கள். ஜனவரியில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துப் புத்தகக் காட்சிக்கு முன்பே தருவதாகப் பேச்சு. ஒரு மாதிரிப் பிரதி காட்டினார்கள், அருமையாக இருந்தது. மீதிப் பணத்தை அப்போதே வாங்கிக்கொண்டார்கள். பெட்டிகள் வந்து சேர்ந்தபோது புத்தகக் காட்சி முடிந்திருந்தது.

பிரித்துப் பார்த்தால் ஒரு பக்கத்துக் கறுப்பு அடுத்த பக்கத்தில் நிழலாகத் தெரிகிறது. கேட்டதற்கு, "பிரிண்டிங்ல இதெல்லாம் சகஜம் தம்பி" என்றார் உரிமையாளர். அது சகஜம் இல்லை. தாளைக் குறைத்திருக்கிறார்கள். இதை நீங்களே சோதிக்கலாம். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஏ5 தாள் 32 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். 32 பக்கப் புத்தகத்தில் இருப்பது 16 தாள், அதாவது அரை சதுர மீட்டர். 100 ஜிஎஸ்எம் என்றால் அட்டை இல்லாமல் சுமார் 50 கிராம் இருக்க வேண்டும். பின்னைக் கழற்றி, அட்டையை எடுத்துவிட்டு, தெருமுனை மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்தேன். 35 கிராம். 70 ஜிஎஸ்எம் தாள்! சில பிரதிகளை அப்படி நிறுத்துப் பார்த்தும் எடை மாறவில்லை.

அதைவிட என்னை வதைத்தது வசனம். திருத்தம் வந்தால் உதவும் என்று படமும் வசனமும் தனித்தனி அடுக்குகளாக (லேயர்) இருக்கும் மூலக் கோப்பை ஆரம்பத்திலேயே கேட்டு வாங்கியிருந்தார்கள். மாதிரியை என் பிடிஎஃப்பிலிருந்து எடுத்தவர்கள், அச்சுக்குப் போகும்போது அந்த மூலக் கோப்பைத் திறந்து வசனத்தைத் தங்கள் ஃபான்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பு இல்லாமல் திறந்தால் தமிழ் உடையும். எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். புத்தகம் முழுக்க அப்படித்தான். ஒரு தாய் தன் மகனோடு கடைசியாகப் பேசும் பலூனை யாராலும் வாசிக்க முடியவில்லை. மூன்று நாலு சொற்கள்தான், அந்தப் பக்கமே அவற்றுக்காக வரைந்தது. எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவங்களாக மாற்றிய பிடிஎஃப் மட்டும் கொடுங்கள். லேயர் கோப்பு அச்சகத்துக்குத் தேவையே இல்லை. நீலமும் ஊதாவாக வந்திருக்கிறது. திரைக்கான ஆர்ஜிபி நிறங்களிலிருந்து அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறங்களுக்குக் கவனிக்காமல் மாற்றினால் நீலம் அப்படித்தான் போகும்.

இதெல்லாம் ஒரு பதிப்போடு முடியும் நஷ்டம். அடுத்தது அப்படி இல்லை. ஐஎஸ்பிஎன் கட்டணம் என்று தனியாக 3,000 ரூபாய் வாங்கினார்கள். இந்தியாவில் ஐஎஸ்பிஎன் இலவசம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமை அதை வழங்குகிறது. தன் புத்தகத்தைத் தானே வெளியிடுகிறவரும் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். இவர்களோ எண்ணைத் தங்கள் பெயரில் வாங்கி, பதிப்பாளர் என்று தங்களைப் போட்டு, பதிப்பு விவரம் இருக்கும் இம்ப்ரின்ட் பக்கத்தில் "உரிமை: பதிப்பகத்துக்கு" என்று அச்சடித்துவிட்டார்கள். அதைக் காட்டி, இதே பாத்திரங்களை வைத்து இரண்டாம் பாகம் போட வேண்டுமென்றால் தங்கள் வழியாகத்தான் போட வேண்டும் என்கிறார்கள். சில வருடங்களாக நோட்டுப் புத்தகங்களில் வளர்த்த முகங்கள் அவை.

அந்த வரிக்குச் சட்டத்தில் பலம் கிடையாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி, உரிமையாளர் கையெழுத்துப் போட்ட எழுத்து ஆவணம் இல்லாமல் உரிமை கைமாறாது. கையெழுத்தே போட்டிருந்தாலும் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டுதான், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். வரைந்த படத்துக்கு உரிமை வரைந்த உடனே உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. இப்படி மிரட்டினால் பயந்து எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, வக்கீல் நோட்டீஸும் அனுப்பியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொட்டேஷன், பணம் கட்டிய ரசீது, மாதிரிப் பிரதி, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள். அந்த மாதிரிப் பிரதியைத் திருப்பித் தரச் சொல்லித் தொடர்ந்து கேட்கிறார்கள், நான் தரவில்லை.

கோடம்பாக்கம், வடபழனி பக்கம் இதேபோல மாட்டியவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். சேர்ந்தே புகார் கொடுப்போம். நோட்டீஸின் நகலைக் கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.