டார்க் கிரே பெயிண்ட்: "வேற கம்பெனி கலர் கோடும் எங்க மெஷின்ல அப்படியே வரும்" என்றால் நம்பாதீர்கள்

26,600 ரூபாய் போச்சு. நேற்றுதான் பெயிண்ட் கடையில் கடைசியாக "பாத்துக்கலாம் மேடம்" என்று சொல்லி போனை வைத்தார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஏற்கெனவே அடித்த கலரோடு சேர்த்துப் புதுச்சுவருக்கு அடிக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீடு திருச்சியில். கட்டும்போது முன்பக்க எலிவேஷனுக்கும் காம்பவுண்டுக்கும் டார்க் கிரே அடித்தோம். லேசாகப் பழுப்பு ஓடுகிற சாம்பல் அது. போகிற வருகிறவர்கள் நின்று கேட்பார்கள், என்ன கலர் என்று. இப்போது மாடியில் ஒரு ரூம் எடுத்தோம். அதற்கும் அதே கலர்தான் வேண்டும். பழைய பெயிண்ட் கம்பெனியின் டீலர் எங்கள் ஏரியாவில் கடையை மூடிவிட்டதால், இன்னொரு கம்பெனி பெயிண்ட் விற்கிற பெரிய ஹார்டுவேர் கடைக்குப் போனேன். பேர் போடவில்லை. கண்ணாடிக் கதவு, ஏசி, கம்ப்யூட்டர், கலர் மிக்சிங் மெஷின் எல்லாம் உள்ள கடை என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய கலரின் கோடு, அதாவது ஷேடு நம்பர், எழுதின சீட்டைக் கொடுத்தேன். கல்லாவில் இருந்த முதலாளியின் மகன் கம்ப்யூட்டரில் அடித்தார். "வேற கம்பெனி கோடு எல்லாமே இதுல ஏத்தி வச்சிருக்கோம் மேடம். பாருங்க, வந்துருச்சு" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். சதுரமாக ஒரு சாம்பல் கட்டம். வீட்டில் பழைய பெயிண்ட் ஒரு லிட்டர் டப்பாவில் மிச்சம் இருக்கிறது, கொண்டு வரட்டுமா என்று நானே கேட்டேன். "எதுக்கு மேடம் அலையுறீங்க, கோடு போதும். நூத்துக்கு நூறு வரும், நான் பொறுப்பு" என்றார்.

"நான் பொறுப்பு" என்றது இன்னும் காதில் இருக்கிறது.

20 லிட்டர் வாளியின் மூடியில் ஓட்டை போட்டு மெஷினுக்கு அடியில் வைத்தார்கள். கறுப்பு நூல் மாதிரி இறங்கியது, பின்னாலேயே நீலம், கடைசியில் கொஞ்சம் மஞ்சள். ஷேக்கரில் வைத்துக் குலுக்கினார்கள். விரலில் தொட்டு ஒரு அட்டையில் தடவி, ஹேர் டிரையரால் காய வைத்து, பழைய கம்பெனியின் ஷேடு கார்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "வித்தியாசம் தெரியுதா சொல்லுங்க?" தெரியவில்லை. தலைக்கு மேல் வெள்ளை எல்இடி எரியும்போது யாருக்கும் தெரியாது. ரெண்டு வாளி, 19,600 ரூபாய். பில் கேட்டு வாங்கினேன். அதில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று சீல் குத்தித்தான் கொடுத்தார்கள்.

பெயிண்டர் அண்ணன் சாரம் கட்டி மாடி ரூமுக்கு முதல் கோட் அடித்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. எமல்ஷன் ஈரத்தில் வெளிறிப்போய் இருக்கும், காய்ந்தால் கறுக்கும் என்று அவரே சொன்னார். மறுநாள் காலை வெயில் விழுந்ததும் கீழே இருந்தே கூப்பிட்டார். "அம்மா, வெளியில வந்து பாருங்க. நீலம் அடிக்குது." கீழே பழுப்புச் சாம்பல், மேலே நீலச் சாம்பல். ரெண்டு வீட்டை ஒட்டி வைத்ததுபோல் நின்றது. அது போதாதென்று கீழே மேட், மேலே பளபளப்பு.

கடையில் அப்புறம் நடந்ததைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். முதலில், "ரெண்டாவது கோட் அடிச்சா சரியாகிடும்" என்றார்கள். கூலி கொடுத்து ஒரு சுவருக்கு மட்டும் ரெண்டாவது கோட் அடித்தோம். நீலம் இன்னும் அழுத்தமாக வந்தது. அடுத்து, "உங்க பழைய சுவர் வெயில்ல வெளுத்துருச்சு மேடம், எங்க கலர்தான் ஒரிஜினல்" என்றார்கள். இதற்குத்தான் அந்தப் பழைய டப்பா இருக்கிறதே! திறந்து, கலக்கி, புதுச்சுவரிலேயே ஒரு அடிக்கு ஒரு அடி அடித்துக் காய வைத்து, வெயிலில் போட்டோ எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். பக்கத்திலேயே இருக்கிறது, சின்னப் பிள்ளைக்கும் தெரியும் வித்தியாசம். போட்டோவைப் பார்த்துவிட்டு, "செல்போன்ல கலர் மாறித் தெரியும்" என்றார் முதலாளி. வந்து நேரில் பாருங்கள் என்றேன். "கம்பெனி ஆள் வருவார்" என்றார். யாரும் வரவில்லை. நானே கம்பெனி வாடிக்கையாளர் எண்ணுக்குப் பேசினேன். தங்கள் சொந்த ஷேடு கோடுக்குத்தான் அவர்கள் பொறுப்பாம், வேறு கம்பெனி கலரை மேட்ச் செய்து கொடுத்தது டீலர் விஷயமாம். டீலரைக் கேட்டால், மெஷினும் சாஃப்ட்வேரும் கம்பெனி கொடுத்தது, நாங்கள் என்ன செய்வது என்கிறார்.

மூடியே திறக்காத ரெண்டாவது வாளியையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். கலர் கலந்த பெயிண்ட் ரிட்டன் கிடையாதாம். சரி, தப்பான கலரைக் கலந்தது யார்? அதற்குப் பதில் இல்லை. "இன்னொரு 20 லிட்டர் எடுத்துக்குங்க, பத்து பர்சன்ட் கம்மி பண்ணித் தர்றேன்" என்று மறுபடி எனக்கே விற்கப் பார்த்தார். கடைசியில் சொன்ன வார்த்தையை நான் மறக்கவே மாட்டேன்: "வீட்ல சார் இருந்தா பேசச் சொல்லுங்க மேடம்." சார் துபாயில் இருக்கிறார். 19,600 ரூபாயை எண்ணி வாங்கும்போது சார் தேவைப்படவில்லையே? பெயிண்டுக்கு 19,600, சாரத்தோடு கூலி 7,000. மொத்தம் 26,600. சரியான கலரில் திரும்ப அடிக்கிற செலவு தனி.

என் கொழுந்தனார் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் வேலை பார்க்கிறார். அவரிடம் புலம்பியபோதுதான் இவர்கள் எவ்வளவு அலட்சியமாகச் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஒரே சாம்பலைக் கறுப்போடு சிவப்பு ஆக்சைடு, மஞ்சள் ஆக்சைடு போட்டும் கொண்டுவரலாம், நீலம் போட்டும் கொண்டுவரலாமாம். ஒரு வெளிச்சத்தில் ரெண்டும் ஒன்றாகத் தெரியும், வெளிச்சம் மாறினால் பிரிந்துவிடும். மெட்டாமெரிசம் என்கிறார்கள். அதனால்தான் அவர்கள் துணியை லைட் பாக்சில் வைத்துப் பகல் வெளிச்சம், கடை வெளிச்சம் என்று மாற்றி மாற்றிப் பார்த்த பிறகே ஓகே சொல்வார்களாம். சாம்பலில் இது இன்னும் மோசம். சிவப்பிலோ பச்சையிலோ கொஞ்சம் பிசகினால் கண் விட்டுவிடும். சாம்பலில் துளி நீலம் கூடினாலும் பிடித்துவிடும். டார்க் கலருக்கு வெள்ளை குறைவான பேஸ் (கலர் சேர்ப்பதற்கு முன் வாளியில் இருக்கிற பெயிண்ட்) எடுத்து, ஸ்டெய்னரை (மெஷினில் இறங்குகிற கலர்ச் சாயம்) நிறைய இறக்குகிறார்கள். கம்பெனிக்குக் கம்பெனி பேஸும் வேறு, ஸ்டெய்னரின் வீரியமும் வேறு. திரையில் வருகிற அந்தச் சதுரத்துக்கும் வாளிக்குள் இருப்பதற்கும் சம்பந்தமே கிடையாது. தினமும் கலர் கலக்கி விற்கிற கடைக்கு இது தெரியாதா? தெரிந்தும்தான் "நூத்துக்கு நூறு" என்றார்கள்.

சரி, சொல்கிறேன் என்று சொன்னது. பெயிண்டர் அண்ணன் வந்து காத்திருக்கிறார், சுருக்கமாகவே சொல்கிறேன். முடிந்தவரை பழைய கம்பெனி, அதே ரகம், அதே கோடு வாங்குங்கள், பக்கத்து ஊருக்குப் போக வேண்டியிருந்தாலும் சரி. வேறு கம்பெனிதான் என்றால் கோடை நம்பாதீர்கள், பழைய பெயிண்ட் அடித்துக் காய்ந்த துண்டு ஒன்றைக் கொடுத்து, ஸ்கேன் செய்கிற கருவி உள்ள கடையில் மேட்ச் செய்யச் சொல்லுங்கள். முதலில் ஒரு லிட்டர் மட்டும். பழைய சுவரை ஒட்டி ரெண்டு கோட் அடித்து, காய்ந்த பிறகு காலை வெயிலிலும் பார்த்து, நிழலிலும் பார்த்து, அப்புறம் பெரிய வாளிக்குச் சொல்லுங்கள். மேட்டா, ஷீனா (பளபளப்பு உள்ளதா) என்று கேட்டுக்கொள்ளுங்கள். "அப்படியே வரும்" என்றால் அதையே பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் கொடுக்காததும் நியாயமற்ற வணிகம்தான், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால், திரும்ப எடுத்துப் பணம் கொடுக்க 30 நாள் கணக்கு. நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் புகார் பதிந்துவிட்டேன், கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதமும் போட்டாயிற்று. பணம் வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணமே இல்லை. வாளி மூடியில் கோடு, பேஸ், தேதி எல்லாம் அச்சடித்து ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். பெயிண்டர் பிரஷ் துடைப்பதற்கு முன்னால் அதைப் போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.